பதின்மூன்றாவது வளைவில் யார் திருப்பியது

2001 நவம்பர் 24, லாட்வியா, சிகுல்டா. பனிக்கட்டிப் பாதையில் சறுக்குவண்டியில் படுத்தபடி இறங்கும் லூஜ் விளையாட்டின் இருவர் தேசியப் போட்டியில் இல்மார்ஸ் ஸ்ட்ரௌட்மனிஸ், ரைவிஸ் பெர்கிஸ் இணை முதலிடம் பெற்றது. அது அவர்களுக்கு ஏழாவது பட்டம்.

போட்டி முடிந்து எடை மேடையிலிருந்து இறங்கிய இல்மார்ஸை ரீகாவிலிருந்து வந்திருந்த தொலைக்காட்சிப் பெண் நிறுத்தினாள். மற்ற இணைகளெல்லாம் பதின்மூன்றாவது வளைவில் சுவரை உரசுகிறார்கள், நீங்கள் மட்டும் தண்ணீர் மாதிரிப் போய்விடுகிறீர்கள், அங்கே வண்டியைத் திருப்புவது யார் என்று கேட்டாள். கீழே படுத்திருப்பவன்தான் என்றார் இல்மார்ஸ். ரைவிஸ் தோளால் அழுத்தித் திருப்புவான், அந்த இடத்தில் தான் காலை அசைப்பதே இல்லை என்று விளக்கமும் சொன்னார். பிறகு அவள் கொட்டகையில் வண்டியைப் போர்த்திக்கொண்டிருந்த ரைவிஸிடம் போய் அதே கேள்வியைக் கேட்டாள். மேலே இருப்பவர்தான் என்றான் ரைவிஸ். தனக்குத் தெரிவது இல்மார்ஸின் தலைக்கவசமும் ஒரு கீற்று வானமும்தான், கண் தெரியாதவன் எப்படித் திருப்புவான் என்று சிரித்தான்.

மறுநாள் மாலைச் செய்தியில் இரண்டு பதில்களையும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டினார்கள். ஊரே பார்த்தது.

இந்த விளையாட்டில் ஒரே வண்டியில் இருவர் மல்லாந்து படுக்கிறார்கள். பெரியவர் மேலே, சிறியவர் அவருக்கடியில். மேலே இருப்பவர் கெண்டைக்காலால் சறுக்குச் சட்டத்தின் முனையை அழுத்தலாம், கீழே இருப்பவர் தோளால் பின்பக்கத்தை அழுத்தலாம். மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டரில் பேச்சுக்கு இடமில்லை. இல்மார்ஸும் ரைவிஸும் பதினோரு வருடமாக அப்படித்தான் இறங்கினார்கள். கோடையில் ஒருவர் தீயணைப்பு நிலையத்திலும் மற்றவன் மரம் அறுக்கும் ஆலையிலும் வேலை பார்த்தார்கள். குளிர்காலத்தில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வண்டியின் அடியில் பனியில் சறுக்கும் இரும்பை ஆளுக்கொன்றாக உப்புத்தாளால் தேய்த்தார்கள். ஓட்டுவதைப் பற்றிப் பேசிக்கொள்ள வேண்டிய தேவை அவர்களுக்கு வந்ததில்லை.

திங்கட்கிழமை ரொட்டிக்கடையில் கடைக்காரி லைமா கறுப்பு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே ரைவிஸிடம் ஆரம்பித்தாள்.

"வண்டி தானாப் போகுதாமே? அப்போ பதக்கத்தை அதும் கழுத்துல மாட்டுங்கப்பா. உங்களுக்கு எதுக்கு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரைவிஸும் சிரித்தான். வீட்டுக்கு வரும் வழியில் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை இல்மார்ஸ் வீட்டு வெந்நீராவிக் குடிலில் இருவரும் உட்கார்ந்தார்கள். வாளியில் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் மர இலைக்கட்டு ஊறிக்கொண்டிருந்தது. வெளியே மேசையில் பன்றிக்கொழுப்பு போட்ட பட்டாணியும் பீரும் காத்திருந்தன. முதலில் பேசியது இல்மார்ஸ்.

"உண்மையச் சொல்லு. பதிமூணுல நீ என்ன பண்ணுவ?"

"ஒன்னும் பண்ண மாட்டேன். நீ திருப்புவ, அதுக்கு இடைஞ்சல் பண்ணக் கூடாதுன்னு சும்மா கெடப்பேன்."

"டேய், நீ திருப்புவேன்னுதானே நான் சும்மா கெடக்கேன்?"

ரைவிஸ் ஒரு கரண்டி தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றினான். 

"அப்போ யாருதான் திருப்புனது?" என்று கேட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் தேர்வுப் போட்டி இருந்தது. பிப்ரவரி ஒலிம்பிக்கில் இருவர் பிரிவில் மீதியிருந்தது ஒரே ஓர் இடம். நான்கு வருடத்துக்கு முன் கழுத்தெலும்பு முறிந்து அந்த வாய்ப்பை இல்மார்ஸ் இழந்திருந்தார். இப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. இன்னொரு நான்கு வருடம் கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த பயிற்சியில் பதின்மூன்றாவது வளைவு வந்ததும் இல்மார்ஸ் இம்முறை தானே திருப்பிவிடுவோம் என்று காலை அழுத்தினார். அதே நொடியில் ரைவிஸுக்கும் அதே எண்ணம் வந்து தோளை அழுத்தினான். வண்டி வலப்பக்கச் சுவரில் மோதியது. அடுத்த இறக்கத்தில் இருவரும் மற்றவருக்கு வழிவிட்டு அசையாமல் கிடந்தார்கள். வண்டி இடப்பக்கச் சுவரில் மோதியது. பிறகு பேசி முடிவு செய்துகொண்டு இல்மார்ஸ் மட்டும் திருப்பிப் பார்த்தார், மெதுவாக வந்தது. ரைவிஸ் மட்டும் திருப்பிப் பார்த்தான், அதைவிட மெதுவாக வந்தது.

பயிற்சியாளர் வெல்டா கூலிஸ் வளைவின் ஓரத்தில் கம்பளிக் குல்லாயோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு நாள் ஆட்களை மாற்றிப் போட்டாள். ரைவிஸை வேறொரு பெரியவனுக்கு அடியில் படுக்க வைத்தாள், வண்டி பதின்மூன்றைச் சுத்தமாகக் கடந்தது. இல்மார்ஸுக்கு அடியில் வேறொரு சிறியவனைப் போட்டாள், அதுவும் சுத்தமாகக் கடந்தது. பழையபடி இருவரையும் சேர்த்து அனுப்பினாள். சுவரில் மோதினார்கள். குறித்துக்கொள்ள எடுத்த பென்சிலை அவள் பையிலேயே திரும்பப் போட்டாள்.

"ரெண்டு பேருமே ஏதோ பண்றீங்க, பசங்களா. உங்களுக்கே தெரியாமப் பண்றீங்க. அதை அப்படியே விட்டுடுங்க."

"எதை விடணும், கோச்? தெரியாமப் பண்றதை எப்படி விடாமப் பண்றது?" என்று கேட்டார் இல்மார்ஸ்.

போய் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் வெல்டா.

இல்மார்ஸ் பழைய ஒளிநாடாக்களைத் தேடி எடுத்துப் பார்த்தார். அவருடைய கால் அசைந்த மாதிரியும் தெரிந்தது, அசையாத மாதிரியும் தெரிந்தது. ரைவிஸ் படத்தில் தெரியவே இல்லை. அவர் உடம்பு அவனை முழுக்க மறைத்திருந்தது.

தேர்வுப் போட்டியன்று காலை பனி பொடியாக விழுந்தது. இரண்டு இறக்கங்கள், இரண்டின் நேரத்தையும் கூட்டிக் குறைவாக வருபவர்களுக்கு இடம். அவர்களுக்குப் போட்டி, ஆலேனிக்ஸ், சீருலிஸ் என்ற இளம் இணைதான். தொடக்க மேடையில் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே இல்மார்ஸ் குனிந்து கேட்டார்.

"இன்னைக்கு என்ன பண்ணப் போற?"

"சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத" என்றான் ரைவிஸ்.

இல்மார்ஸ் தலையாட்டினார். கைப்பிடிகளை இழுத்துப் பாய்ந்தார்கள். பதின்மூன்றாவது வளைவில் வெல்டா நின்ற இடத்தில் இரும்பு பனியைக் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. எதிலும் உரசவில்லை. கீழே பலகையில் அவர்கள் பெயர் முதலில் வந்தது. இளம் இணை தெளிவான இடைவெளியில் இரண்டாவதாக இருந்தது. வெல்டா குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டாள்.

வண்டிகளை மேலே ஏற்றிப் போகும் லாரியின் பின்பக்கம் இருவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழிவரை இல்மார்ஸ் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். மரங்களைப் பார்த்தார். பிறகு அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்ன பண்ணுன?"

ரைவிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல?"

"சும்மாச் சொல்லு. அதான் நல்லா வந்துடுச்சே. அதையே மறுபடி பண்ணிட்டுப் போவோம்."

"ஒன்னும் பண்ணல."

இல்மார்ஸின் முகம் மாறியது.

"நானும் ஒன்னும் பண்ணலடா."

லாரி திருப்பத்தில் குலுங்கியது. வண்டி சரியாமல் இருவரும் கையால் பிடித்துக்கொண்டார்கள். நான்தான் திருப்பினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ரைவிஸுக்கு அப்போதுதான் தோன்றியது. அது பொய்யா என்பதும் அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இனிச் சொன்னால் இல்மார்ஸ் நம்பமாட்டார் என்று சும்மா இருந்துவிட்டான்.

இரண்டாவது இறக்கத்தில் தொடக்கம் முதல் இறக்கத்தைவிட வேகமாக இருந்தது. பன்னிரண்டாவது வளைவுவரை குறையே இல்லை. பதின்மூன்றில் நுழையும்போது, இருவரும் ஒன்றும் செய்யாவிட்டால் வண்டி எப்படித் திரும்பும் என்று இல்மார்ஸ் நினைத்தார். இதைப் பின்னால் வெல்டாவிடம் அவரே சொன்னார். நினைத்ததற்குப் பிறகு காலை அழுத்தினாரா இல்லையா என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. தன் தோள் இறுகியது மட்டும் நினைவிருப்பதாக ரைவிஸ் சொன்னான், அது சுவரில் பட்டதற்கு முன்னா பின்னா என்று கேட்டதற்குத் தெரியாது என்று தலையை அசைத்தான்.

வண்டி இடப்பக்கச் சுவரில் உரசியது. கவிழவில்லை. இறக்கத்தை முடித்தார்கள்.

கூட்டு நேரத்தில் அவர்கள் ஒரு நொடியில் நூறில் நான்கு பங்கு பின்தங்கினார்கள். ஒலிம்பிக் இடம் ஆலேனிக்ஸ், சீருலிஸ் இணைக்குப் போனது. இல்மார்ஸ், ரைவிஸ் பெயர்கள் மாற்று இணையாகப் பதிவு செய்யப்பட்டன. பிப்ரவரியில் அவர்களை யாரும் அழைக்கவில்லை.