சம்பங்கியின் குரலில் ஹரோல்ட்

1

இந்தக் கதை எனக்கு ரயிலில் கிடைத்தது. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு போகும் வண்டியில் தாரா எனக்கு எதிர் சீட்டில் உட்காருவாள். பங்காருபேட்டை வருவதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிடுவாள். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பாதி ஆபீஸ் வேலை முடிந்திருக்கும். பயணத்தையும் வேலையில் சேர்த்துவிட்ட புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

ஒரு நாள் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுத் தன் அப்பாவின் விஷயத்தைச் சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் முதலில் நைனாவிடம் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள்) காட்ட வேண்டும் என்றாள். சரி என்றேன். எழுதுகிறவன் சொல்லும் ‘சரி’க்கு என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம்.

2

முதல் தொடக்கம்: ‘ஆண்டர்சன்பேட்டையில் யார் செத்தாலும் முதலில் தெரிவது சம்பங்கிக்குத்தான்.’ செத்தவருக்கல்லவா முதலில் தெரியும்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘தங்கச் சுரங்கங்கள் மூடிய ஊரில் மூடாமல் இருந்தது ஒரே ஒரு வாய், அந்த வாயும் ஒரு நாள்—’

ஐயோ, வேண்டாம். சாதாரணமாகவே சொல்கிறேன்.

சம்பங்கி தாராவின் அப்பா. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சாவுச் சேதி சொல்வது அவர் தொழில். புத்த விகாரைக்குப் போகிற குடும்பமோ, சர்ச்சுக்குப் போகிற குடும்பமோ, எல்லாருக்கும் அவர் குரல்தான். “அன்பார்ந்த பெருமக்களே” என்பார். நிறுத்தி ஒரு மூச்சு விடுவார். அந்த இடைவெளியில் டிவி சத்தம் குறையும், குக்கர் இறங்கும், ஜனங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். பிறகு பெயரைச் சொல்வார். பெயர் காதில் விழுந்ததும் மாலை வாங்கக் கிளம்புவார்கள். மிச்சத்தைக் கேட்க ஒருவரும் நிற்பதில்லை. யார் போனார் என்று தெரிந்த பிறகு கேட்க என்ன இருக்கிறது?

தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார், பேச்சு போயிற்று. தாரா வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். வீட்டுக் கணினியில் அவருடைய பழைய பதிவுகளைக் கொடுத்து ஒரு குரல் செய்தாள். அவர் தட்டினால் அது பேசும். கிடைத்த பதிவெல்லாம் சாவுச் சேதி என்பதால் அது கற்றுக்கொண்ட நடையும் அதுதான். அவர் முதலில் தட்டியது: “குணசுந்தரி, டீ குடு.” கணினி “குணசுந்தரி” என்று சொல்லி, நிறுத்தி, ஒரு மூச்சு விட்டது. தன் சாவைத்தான் சொல்கிறது என்று அவர் மனைவி குணசுந்தரி அடுப்பை அணைத்துவிட்டார். அப்புறம் சிரித்தார், அப்புறம் அழுதார். டீ வர வெகுநேரமாயிற்று.

* கணினி இருப்பது புத்தர் படத்துக்குக் கீழே. மூடி வைக்கப் பூப்போட்ட துணி உண்டு. கரண்டு போனால் வீட்டுக்காரர் ஊமையாகிவிடுகிறார் என்று யுபிஎஸ் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

3

நகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் நின்றவர் ஹரோல்ட். கெட்ட மனிதர் இல்லை, வேட்பாளர், அவ்வளவுதான். அவருக்காக பெங்களூரு கம்பெனி ஒன்று வேலை செய்தது. ஒவ்வொரு வாக்காளரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பதிவுக் குரலை எல்லார் போனுக்கும் அனுப்பினார்கள். ஜனங்கள் தங்கள் பெயரைக் கேட்டதும் லோன்காரன் என்று போனை வைத்துவிட்டார்கள்.

ஊரே நின்று கேட்கும் குரல் எது என்று ஹரோல்ட் யோசித்தார். நேராகச் சம்பங்கி வீட்டுக்கு வந்து, கணினியில் இருக்கும் குரலைப் பிரசாரத்துக்குக் கேட்டார்.

தாரா மறுத்தாள். “அது நைனா பேசறதுக்குச் செஞ்சது அங்கிள். ரோட்டுல உடறதுக்கு இல்ல.”

[இந்த இடத்தில் நான் எழுதியது: ‘சம்பங்கி கண் கலங்கத் தட்டினார்: நான் செத்தாலும் என் குரல் இந்தத் தெருவில் வாழட்டும்.’ எழுதும்போது எனக்கும் கலங்கியது. அப்படியே இருக்கட்டும்.]

ஆக, அவர் சம்மதித்தார். ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். வீட்டுக்குள் அவர் பேசினால் இரண்டு பேர் கேட்கிறார்கள். முன்பு ஒரு ஊர் கேட்டது. எனக்கே கதை எழுதினால் ஊர் கேட்க வேண்டும் என்று இருக்கிறது, அவருக்கு இருக்காதா?

4

வாடகைக்கு எடுத்தது புது கரண்டு ஆட்டோ. பழைய டீசல் ஆட்டோவாக இருந்திருந்தால் பாதிப் பேச்சு அதன் இரைச்சலில் போயிருக்கும், இந்தக் கதையும் நடந்திருக்காது. இது சத்தமே இல்லாமல் ஊர்ந்து வந்தது. குரல் மட்டும் கேட்டது.

“அன்பார்ந்த பெருமக்களே.”

மூச்சு.

“நமது அன்புச் சகோதரர் ஹரோல்ட் அவர்கள்...”

‘உங்கள் பொன்னான வாக்குகளை’ என்ற இடம் வருவதற்குள் பாதித் தெரு பூக்கடையில் நின்றது. ஆபரேஷன் முடிந்து சம்பங்கி தொழிலுக்குத் திரும்பிவிட்டார் என்று சிலருக்குச் சந்தோஷம், ஹரோல்டை நினைத்து அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ரயிலில் இருந்த நானும் தெரு வாட்சப் குழுவில் ஆழ்ந்த இரங்கலைப் போட்டுவிட்டேன்.

ஹரோல்ட் வீட்டுக்கு முதலில் ஓடியவர் பக்கத்துத் தெரு ஐடா. அழுதுகொண்டே கதவைத் தட்டினார். முகத்தில் பாதி ஷேவிங் நுரையோடு ஹரோல்டே வந்து திறந்தார். ஐடா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “நல்லா கீறீங்களா?” என்று கேட்டார். அதற்குள் வாசலில் வாடகை நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

5

ஹரோல்ட் கோபப்படவில்லை. அத்தனை பேர் அழ வந்ததில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட. ஆனால் குரலைக் கொஞ்சம் சந்தோஷமாக மாற்ற வேண்டும் என்றார். ஜெயித்தால் தண்ணீர் வருவது, மருத்துவ முகாம், விளையாட்டுப் போட்டி, வார்டின் எல்லா அறிவிப்பும் அந்தக் குரலில்தான் என்றும் சொன்னார்.

தாரா மாற்றிக் காட்டினாள். சிரித்த முகத்தோடு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. மூச்சு விடும் இடமே இல்லை. நன்றாகத்தான் இருந்தது, அதில் சம்பங்கி மட்டும் இல்லை. குணசுந்தரி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

சம்பங்கி முன்னால் இருப்பது இதுதான்: தன்னுடையதல்லாத குரலில் தினமும் தெருவில் இருக்கலாம். அல்லது தன் குரலோடு வீட்டுக்குள் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பதில் கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஹரோல்ட் போனார்.

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சம்பங்கி கணினியின் ஒயரைப் பிடுங்கிவிடுகிறார். வீரம்தான், ஆனால் அப்புறம் டீ எப்படிக் கேட்பார்? இன்னொன்றில் சம்மதித்து, தெருவில் ஆட்டோவுக்குப் பின்னால் நடந்து போகிறார், தன் குரலுக்குப் பின்னால் தானே ஒரு—

அது வரைக்கும் தாராவுக்கு அனுப்பினேன். சம்பங்கி அதைக் கணினியில் போட்டு, தன் குரலிலேயே வாசிக்கவைத்துக் கேட்டாராம். மறுநாள் ஒயிட்ஃபீல்டு தாண்டும்போது என் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது.

“அன்பார்ந்த தம்பி.”

மூச்சு. அடுத்து என் பெயர் வந்தது. நான் உயிரோடுதான் இருக்கிறேனா என்று ஜன்னல் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

“செத்தாலும் வாழட்டும்னு நான் எப்போ சொன்னேன்? நான் தட்டினது ‘குடு’ன்னு ஒரு வார்த்தை. ஹரோல்ட் என் வாயில வார்த்தை வெச்சான். நீங்களும் வெச்சீங்க. அவன் கேட்டுட்டு வெச்சான்.”

எதிரே தாரா திரையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

7

இரண்டு முடிவுகளையும் நீக்கிவிட்டேன். மேலே அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரியை நீக்கவில்லை. நான் செய்தது தெரியட்டும்.

இன்று ஞாயிறு. ஹரோல்ட் வந்து உட்கார்ந்திருப்பதாகத் தாரா செய்தி அனுப்பியிருக்கிறாள். துணியை விலக்கிவிட்டு நைனா தட்ட ஆரம்பித்துவிட்டாராம், நீளமாக ஏதோ. ஒற்றை விரல்காரர், நேரமாகும். இந்நேரத்துக்கு நீங்கள் ஒரு முடிவை நினைத்திருப்பீர்கள். என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும். அவர் தட்டி முடிக்கும் வரைக்கும் அதை உங்களிடமே வைத்திருங்கள்.