வசனம் இல்லாத ஏழு நிமிடம்

ஆற்றில் விழுந்து எழுந்தவனின் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தால், அதற்குமேல் அந்தப் படத்தை நான் நம்புவதில்லை. இருபத்திரண்டு வருடமாகத் துணி திருத்தும் கடையில் வேலை பார்க்கிறேன். தொளதொளவென்று இருப்பதைப் பிடிப்பது, இறுக்கமாக இருப்பதைப் பிரித்து விடுவது, பேண்ட் கீழே இழுபட்டால் மடித்துத் தைப்பது, இதுதான் பிழைப்பு. அதனால் திரையில் எதைக் காட்டினாலும் என் கண் முதலில் தையலுக்குத்தான் போகும். நாலு நாள் பட்டினியோடு காட்டில் அலைகிறான் என்பார்கள். சட்டை அவன் உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். நாலு நாள் சாப்பிடாதவனுக்குத் தோள் தொங்காதா? காலர் அகலமாகாதா? யாரிடம் போய்க் கேட்பது!

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கதாநாயகன் லிஃப்டின் மேல் மூடியைத் தள்ளித் திறந்து தப்பித்தால் போதும், இவருக்கு ரத்தம் கொதிக்கும். "அத வெளியில இருந்துதான்டா திறக்க முடியும், முட்டாப்பயலே!" என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். 'பார்த்து' என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். இவருக்குப் பார்வை போய் ஒன்றரை வருடம் ஆகிறது. சர்க்கரை வியாதி. முதலில் வலது கண், எட்டு மாதம் கழித்து இடது.

கண்தான் போய்விட்டதே, படம் பார்க்கும் கிறுக்காவது இவரை விட்டுத் தொலையும் என்று நினைத்தேன். எங்கே! "வசனம் காதுல விழுது. மிச்சத்த நீ சொல்லு" என்றார். சனிக்கிழமை மதியம் கடை மூடி, கழுத்து பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார். எனக்கு சினிமா பெரிய விஷயம் இல்லை. ஓடினால் பார்ப்பேன், நிறுத்தினால் எழுந்து போவேன். என்னைப் போய் இந்த வேலைக்கு உட்கார வைத்தால் எப்படி இருக்கும்?

"இப்ப என்ன பண்றான்?"

"அடிக்கிறான்."

"யாரு யார?"

"எல்லாரும் எல்லாரையும். முடிஞ்சதும் சொல்றேன்."

பேய்ப் படம் என்றால் இன்னும் மோசம். வீட்டில் பேய் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் விளக்கைப் போடாமலே அறை அறையாகப் போவாள் ஒருத்தி. சுவிட்ச் பக்கத்திலேயே இருக்கும். நான் சுவிட்சைப் பார்ப்பேனா, பேயைப் பார்ப்பேனா? இன்னொரு படத்தில் இரண்டு பேர் பனியில் நடந்தார்கள். நடந்தார்கள் என்றால் அப்படி ஒரு நடை. "நடக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உலை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். நடந்துகொண்டே இருந்தார்கள். அந்தப் படத்துக்கு ஏதோ விருது வேறு கொடுத்தார்களாம்.

எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன். ஒரு பஸ் கண்டக்டர், யாரோ விட்டுப்போன குடையை வைத்துக்கொண்டு உரியவரைத் தேடுவார். படம் முழுக்க அவ்வளவுதான். அவர் யூனிஃபார்ம் முழங்கையில் தேய்ந்து பளபளவென்று இருந்தது. உண்மையான கண்டக்டர் சட்டை அப்படித்தான் தேயும். அதைக் கண்டதுமே எனக்குப் படம் பிடித்துவிட்டது. கடைசியில் கண் கலங்கி, விவரம் சொல்ல வாய் வரவில்லை. "கதையே இல்ல, இதுக்குப் போயி அழறியே" என்றார் இவர். இவருக்கு எதுதான் பிடிக்கும்!

இவ்வளவும் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்துப் பொது அறையில் ஐந்தாறு ஆண்கள் கூடிப் படத்தைப் பற்றிப் பேசுவார்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். மூன்றாம் மாடி கெமிஸ்ட்ரி வாத்தியார்தான் இந்த வாரம் இன்ன படம் என்று சொல்வார். அந்தக் கூட்டத்தில் இவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. கண் போன பிறகு மற்ற எல்லா இடத்திலும் "பாவம்" ஆகிவிட்ட மனிதர், அங்கே மட்டும்தான் பழைய ஆளாக உட்கார்ந்திருந்தார். நான் தைத்துக் கொடுத்த சட்டை மாதிரி, நான் சொல்லிக் கொடுத்த படத்தைப் போட்டுக்கொண்டு போவார். பெருமை அவருக்கு, கழுத்து வலி எனக்கு.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார்கள். நான்தான் படித்துச் சொன்னேன். வலது கண்ணில் ஒன்றும் செய்ய முடியாது. இடது கண்ணுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறது, அதை எடுத்தால் ஓரளவு பார்வை திரும்ப நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். தள்ளிப்போட்டால் அந்த நாற்பதும் குறையும். இவர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அன்றைக்கு முழுவதும் விசில் அடித்துக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. வாத்தியார் சொன்ன படத்தைப் போட்டோம். கட்டிடத்தில் இருந்து விழுந்து படுக்கையோடு கிடக்கும் கொத்தனார், அவருக்கு எல்லாம் செய்யும் மனைவி. குளிப்பாட்டுவது, மாத்திரை, திட்டு வாங்குவது, மறுபடியும் மாத்திரை. பொய்யே இல்லாத படம். அவள் போட்டிருந்த சட்டைக்கு ஒரு பொத்தான் வேறு நிறத்தில் இருந்தது. அதைத் தைத்தவள் அவசரத்தில் கிடைத்ததைத் தைத்திருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது.

கடைசி ஏழு நிமிடம் வசனமே கிடையாது. அவள் பையில் துணியை அடுக்குகிறாள். தூங்குகிற புருஷனுக்கு எட்டுகிற மாதிரி தண்ணீரும் மாத்திரையும் வைக்கிறாள். கதவைச் சாத்திவிட்டுப் போய் பஸ் ஏறுகிறாள். அப்புறம் கதவு திறக்கிறது. உள்ளே வருவது பக்கத்து வீட்டுக்காரி. அடுப்பில் தண்ணீர் வைக்கிறாள். தண்ணீர் கொதிக்கிற சத்தத்தோடு படம் முடிகிறது.

"இப்ப என்ன? கதவு திறந்துச்சே, யாரு?"

"அவதான்" என்றேன். "திரும்பி வந்துட்டா. டீ போடறா."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால், ஆபரேஷனுக்குப் போகிற மனிதர் மனசு கெட வேண்டாமே என்று சொல்லியிருப்பேன். அது பாதிதான் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கே கதவு தட்டும் சத்தம். இவர் எப்போதும் பன்னிரண்டுக்குத்தான் திரும்பி வருவார். வாத்தியார் இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் கையை உதறிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"என்ன ஆச்சு அண்ணா?"

"நான் ஒண்ணும் தப்பா சொல்லல தங்கச்சி. இவருதான் ஆரம்பிச்சாரு. படம் நல்லா போயி கடைசில சொதப்பிட்டானுங்க, போனவ திரும்பி வந்து டீ போடறாளாம், யாரு காதுல பூ சுத்துறீங்கன்னு ஒரே போடா போட்டாரு. எல்லாரும் முழிச்சோம். ஒருத்தன் சிரிச்சுட்டான். வாயை மூடுடான்னேன். அதுக்குள்ள இவருக்கு விளங்கிருச்சு. அவ திரும்பி வரலையான்னு என்கிட்ட கேட்டாரு. நான் என்னன்னு சொல்றது?"

எப்படி இருக்கிறது பாருங்கள். நான் கஷ்டப்பட்டு ஒரு நல்ல முடிவு சொன்னால், அதையும் குப்பை என்று நாலு பேர் முன்னால் கிழித்திருக்கிறார். கிழித்த கையோடு மூக்கும் உடைந்தது.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில், காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்.

"ஆபரேஷன் வேணாம். போன் பண்ணி சொல்லிரு."

"ஏன்? என்ன கேடு?"

"லெட்டரையும் நீதான படிச்ச? அதுவும் நல்லாத்தான் முடிஞ்சுது."

எனக்குச் சுருக்கென்றது. கடிதத்தை எடுத்து வந்து வரி வரியாக, மேலே இருந்த தேதி முதல் கீழே இருந்த கையெழுத்து வரை படித்தேன். "படி, படி" என்று நாடகம் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினார். மேலே போய் வாத்தியாரைக் கூட்டி வந்தேன். அவரும் படித்தார். "நீ சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்திருப்ப" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டர் வெளியூரில் இருக்கிறார், வியாழக்கிழமை நேரில் பேசுவார் என்று ஒரு பெண் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆயிரம் உண்மை சொல்லியிருக்கிறேன் இந்த மனிதருக்கு. சட்டை பொருந்துகிறதா, ஷேவிங் சரியாக இருக்கிறதா, எதிரே வருவது யார், தட்டில் எது எந்தப் பக்கம் என்று எல்லாம் என் வாயால்தான். ஒரே ஒரு பொய், அதுவும் ஊர் பேர் தெரியாத ஒருத்தி பஸ் ஏறிய விஷயத்தில். அதற்காக ஒரு கண்ணையே விடப்போகிறாராம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையில் நங்கென்று போட்டுவிடலாமா என்று இருந்தது. இன்னொரு பக்கம் பயம். இனி நான் என்ன சொன்னாலும் இவர் நம்பப் போவதில்லை என்றால், இந்த வீட்டில் நான் எதற்கு?

அன்று சாயங்காலம் கடையில் இருந்து சீக்கிரம் வந்தேன். செருப்பைக்கூடச் சரியாக விடவில்லை. டிவியைப் போட்டு அதே படத்தின் கடைசிக்கு ஓட்டினேன்.

"எனக்கு வேணாம்" என்றார்.

"எனக்கு வேணும். பேசாம கேளுங்க."

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. பையை எடுக்கிறாள். ரெண்டு சட்டை, ஒரு துண்டு, அவ்வளவுதான். தண்ணீரை அவன் இடது கைப் பக்கம் வைக்கிறாள், வலது கை வராது என்பதால். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்துகிறாள். பஸ் வருகிறது. ஏறி உட்காருகிறாள். அழவில்லை. இப்போது கதவைத் திறப்பது பக்கத்து வீட்டுக்காரி. அடுப்பில் தண்ணீர் வைக்கிறது அவள்தான். முடிந்தது.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?" என்றார். "நான் தாங்க மாட்டேன்னா?"

"உங்களுக்காக இல்ல. எனக்கு சொல்ல வரல."

"ஏன்?"

"பஸ் ஸ்டாப்புல நானும் நின்னுருக்கேன்."

இவர் முகம் என் பக்கம் திரும்பியது. ஆரம்பித்துவிட்டேன், இனி நிறுத்த முடியாது.

"போன வருஷம். ஸ்குரூடிரைவர காணோம்னு வீட்ட ரெண்டு பண்ணீங்களே, என் அம்மா வரைக்கும் இழுத்து. கடையில வேலை அதிகம், சாயங்காலம் லேட்டாகும்னு சொல்லிட்டு போனேன். பொய். பையில துணி எடுத்துட்டுப் போயி பஸ் ஸ்டாப்புல நின்னேன். மூணு பஸ்ஸ விட்டேன். நாலாவதுல ஏறிட்டேன்."

"அப்புறம்?"

"டிக்கெட் எடுக்க பைக்குள்ள கைய விட்டா, வீட்டுச் சாவி. பழக்கத்துல உங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருந்தேன். ஏதாவதுன்னா உங்களால வெளிய வரவே முடியாது. அடுத்த ஸ்டாப்புல இறங்கி ஓடி வந்தேன். சாவி மட்டும் கையில இல்லாம இருந்திருந்தா, வந்திருப்பேனான்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

டிவியில் பெயர்கள் ஓடி முடிந்து திரை கருப்பானது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு படத்தைக் குறை சொல்லாமல், இவர் ரிமோட்டைத் தடவி எடுத்து டிவியை அணைத்தார். துணியைப் பிடிப்பது மாதிரி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த லெட்டர எடு" என்றார் கடைசியில்.

எடுத்துப் படித்தேன். காலையில் படித்த அதே வரிகள்தான். இந்தத் தடவை தலையை ஆட்டாமல் கேட்டார்.

"நாப்பதுதானா?"

"நாப்பதுதான்."

"எத்தன மணிக்கு வரச் சொல்லியிருக்கான்?"

"ஏழு மணிக்கு. வெறும் வயித்தோட."

"சரி." எழுந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இங்க பாரு. கண்ணு வந்துருச்சுன்னா நீ போறதுன்னா போ. கதவ நானே பூட்டிக்குவேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"முதல்ல கண்ணு வரட்டும்" என்றேன். "யாரு போறதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்."