செவலையின் பதினொரு முட்டைகள்

ஓடத் தெரிந்த கோழியெல்லாம் அன்றைக்குத் தப்பித்துக்கொண்டது. முட்டையை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவள்தான் மாட்டினாள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மராட்டிக்காரர்கள் ஊரான போபோடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல் போக நாலடி இடம் இருந்தது. அங்கே பழைய தகரத்தில் கூண்டு அடித்து ஆறு கோழியும் ஒரு சேவலும் வளர்த்தேன். காலையில் திறந்துவிட்டு, குருணை போட்டு, தண்ணீர் மாற்றி, எச்சத்தைக் கூட்டி அள்ளி, பொழுது சாய்ந்ததும் பிடித்து அடைப்பது என் வேலை. முட்டை தின்பது மட்டும் என் வீட்டுக்காரர் சின்னதுரையின் வேலை.

அதற்கு முந்தின வருஷம் மழைச் சாரலில் கருப்பியின் முட்டையெல்லாம் கூமுட்டையாகிப் போனது. அதனால் அந்தத் தடவை செவலையை வீட்டுக்குள்ளேயே, கட்டிலுக்கு அடியில், கூடையில் வைக்கோல் பரப்பி அடை வைத்தேன். இடிக்குப் பயந்து ஒரு இரும்புத் துண்டும் போட்டேன். பதினொரு முட்டை. பத்தொன்பது நாள் முடிந்திருந்தது. இன்னும் இரண்டே நாளில் குஞ்சு வந்துவிடும்.

இரண்டாயிரமாவது வருஷம் ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. நமக்கு அது செத்தவர்களுக்குப் படைக்கிற நாள், வீட்டில் கவிச்சி கிடையாது. மராட்டிக்காரர்களுக்கு அதே அமாவாசைதான் கட்டாரி. அது கழிந்து சிராவண மாதம் பிறந்துவிட்டால் கறியும் குடியும் ஆகாது என்று, ஒரு மாதத்துக்கும் சேர்த்து அன்றைக்கே ஒரு கை பார்த்துவிடுவார்கள். அவர்கள் வழக்கம் அவர்களுக்கு. என் கோபம் அவர்கள்மேல் இல்லை, ஒரே நாளில் இரண்டு பந்தியிலும் உட்காரப் பார்த்தவர்மேல்.

படையலுக்கு வாழைக்காயும் பூசணிக்காயும் வாங்க கட்கி பஜாருக்குப் போய்த் திரும்பினேன். கூடையில் முட்டை இருந்தது, செவலை இல்லை. முட்டையைத் தொட்டேன். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மும்தாஜ் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்.

"அண்ணன்தான்க்கா அக்குள்ல இடுக்கிக்கினு போனாரு. அது சத்தமே போடலை."

குண்டு பல்பை ஒயரோடு இழுத்துவந்து கூடைக்கு மேலே தொங்கவிட்டேன். சற்று நேரத்தில் அவர் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

"ஏங்க, செவலை எங்க?"

"ஷிண்டே சாப் கட்டாரிக்கு நாட்டுக்கோழி கேட்டாரு. போர்மேன் கேட்டா இல்லைன்னா சொல்ல முடியும்?"

"அதுக்கு அடைக்கோழியையா குடுப்பாங்க? ரெண்டு நாள்ல குஞ்சு வரப்போவுது!"

"மத்ததெல்லாம் ஓடுதுடி. இதுதான் சும்மா குந்திக்கினு இருந்துச்சு."

சும்மா! ஒரு நாளைக்கு ஒரு தடவை தீனிக்கு மட்டும் எழுந்து, நெஞ்சுத் தூவி உதிர உதிர பதினொரு உயிரைக் காத்ததற்குப் பெயர் சும்மா. அப்படிப் பார்த்தால் நானும் பதினாலு வருஷமாக இந்த வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த புண்ணியவான், குளித்துவிட்டு வந்து தன் அப்பா படத்துக்குக் கற்பூரம் காட்டினார். காக்காவுக்குச் சோறு வைத்தார். இலையில் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, வயிறு சரியில்லை என்று எழுந்து போனார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாதா?

அவர் போன கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. வெளியே மழை. அடுப்புப் பக்கம் வைத்தால் வெந்துவிடும், தள்ளி வைத்தால் ஆறிவிடும். கூடையை அவருடைய கம்பளியால் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, நேராக ஷிண்டே வீட்டு மாடிக்குப் போனேன்.

தகரக் கொட்டகையில் ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இவர் கையில் ஒரு எலும்பு. என்னைப் பார்த்ததும் ஷிண்டே எழுந்து, உட்காருங்கள் பாபி என்று அண்ணி முறை வைத்துச் சொன்னார். நான் உட்காரவில்லை. அது அடைக்கோழி, முட்டையோடு இருந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அதுதான் உடம்பில் கறியே இல்லையா என்று ஒருவன் சிரித்தான். ஷிண்டே சிரிக்கவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தட்டைக் கீழே வைத்தார்.

நான் கூடையை என் வீட்டுக்காரர் மடியில் வைத்தேன்.

"யோவ், இதுங்க அம்மாவை நீ தின்னுட்ட. இனிமே நீதான் குந்தணும்."

"ராஜி, வீட்ல போய்ப் பேசிக்கலாம்..."

"முதல்ல கையைக் கழுவு. அந்தக் கையால முட்டையைத் தொடாத."

அவர் கழுவிக்கொண்டு வந்தார். கம்பளியை விலக்கியபோது ஒரு முட்டைக்குள்ளிருந்து மெல்லிசாகக் கீச்சென்று சத்தம் வந்தது. மழையில் கூடையைச் சட்டையால் மூடி அணைத்துக்கொண்டு என் பின்னால் வந்தார்.

இரண்டு நாள் லீவு போட வைத்தேன். கரண்ட் இருந்தால் பல்பு, இல்லாவிட்டால் அவர் வயிற்றுச் சூடு. வெதுவெதுப்பான தண்ணீரை அவர்தான் தெளித்தார். எழுந்தால் நான் முறைத்தேன். செவ்வாய்க்கிழமை முட்டைகள் விரிசல் விட்டன. நாலு உள்ளேயே செத்துப்போனது. ஏழு குஞ்சு பிழைத்தது.

கண் திறந்ததும் பார்த்தது அவர் முகத்தைத்தான். அவர் சமையலறைக்குப் போனால் ஏழும் சமையலறைக்கு ஓடியது. குழாயடிக்குப் போனால் குழாயடிக்கு. செவலையைத் தின்றவர் காலைச் சுற்றிச் சுற்றி அதுகள் கீச்கீச்சென்று ஓடியதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவருக்கோ பெருமை பிடிபடவில்லை.

"பாத்தியாடி, என்னைத்தான் அம்மான்னு நம்புதுங்க."

"ஆமா. அதுங்க அம்மாவும் உன்னை நம்பித்தான் ஓடாம குந்திக்கினு இருந்தா."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தார். ஏழு குஞ்சும் அவரோடு கூடவே ஒரு அடி நகர்ந்தது.