நாஹம் என்றால் மனஸ்தாபம்

தங்கப்பொண்ணு என்று பெயரைக் கேட்டால் எபிரெயு மொழி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை என்று யாருக்குத் தோன்றும்? பேரையூர்ப் பக்கம் காடு கழனி பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். காதலித்துக் கிறிஸ்தவ வீட்டுக்கு வாக்கப்பட்டாள். வேதத்தைப் படிக்கப் போனவள் அதன் மூலமொழியில் போய் விழுந்தாள். விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. இருபது வருஷமாக மதுரையில் ஓர் இறையியல் கல்லூரியில் அதைத்தான் சொல்லிக்கொடுத்துக் குப்பை கொட்டுகிறாள்.

அன்று காலை வகுப்பில் அவள் உடம்புதான் இருந்தது. அடுத்த வாரம் மகள் இசைவாணிக்குக் கல்யாணம். பழங்காநத்தம் வீட்டில் பத்திரிகை, பலகாரம், ஜாக்கெட் என்று எல்லாம் தயார். தாய்மாமன் மட்டும் வருவானா என்று தெரியவில்லை. அவள் பிறந்த பக்கத்தில் அப்பன் இல்லாமல்கூடப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்துவிடும், தாய்மாமன் இல்லாமல் நடக்காது.

தப்பு அவளுடையதுதான். அண்ணன் முத்திருளன் ஆசையாசையாகப் போன் பண்ணி, மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்து தெருவே அதிர இறக்கப்போவதாகச் சொன்னான். புருஷன் வீட்டுச் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் இவள் முந்திரிக்கொட்டையாக, "மேளமெல்லாம் எதுக்குண்ணே, நீ சும்மா வந்துட்டுப் போனாப் போதும்" என்றுவிட்டாள். தாய்மாமனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திரும்பக் கூப்பிட்டால் அவன் எடுக்கவில்லை. அண்ணன் மனைவி ஒச்சாயியைப் பிடித்து, "அன்னைக்குப் பேசுனத நெனச்சு எனக்கு ஒரே மனஸ்தாபமா இருக்குன்னு அண்ணன்ட்டச் சொல்லுங்க மதினி" என்றாள். ஒச்சாயி, "சரி, சொல்றேன்" என்றாள். அத்தோடு அந்த வீட்டிலிருந்து பேச்சுமூச்சு இல்லை.

மன்னிப்புக் கேட்டும் இரங்காத கல்நெஞ்சன் என்று அவளுக்கும் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் அழுகை இருந்தது.

கரும்பலகையில் அன்றைய சொல்லை எழுதினாள். நாஹம். ஒரே வேர். ஒரு வடிவத்தில் வந்தால் செய்ததற்காக வருந்துவது, இன்னொரு வடிவத்தில் வந்தால் அடுத்தவரைத் தேற்றுவது. நோவா பிறந்தபோது இவன் நம்மைத் தேற்றுவான் என்று அவன் தகப்பன் சொன்னதும் இந்தச் சொல்தான். அடுத்த அதிகாரத்திலேயே மனுஷனை ஏன் படைத்தோம் என்று கடவுள் வருந்தியதும் இதே சொல்தான். பழைய தமிழ் வேதத்தில் அதை மனஸ்தாபப்பட்டார் என்று போட்டிருக்கும்.

"இந்த இடத்துல என்ன நடக்குது? நீ சொல்லுப்பா" என்று கீழக்குயில்குடி ஜெயபாண்டியை எழுப்பினாள்.

"கடவுளுக்கும் மனுசங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்ல மேடம்."

"அப்படி எங்க போட்டிருக்கு?"

"மனஸ்தாபம்னு இருக்குல்ல மேடம். எங்க பெரியப்பா வீட்டுக்கும் எங்களுக்கும் ரொம்ப வருசமா மனஸ்தாபம். நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்துக் கிடையாது."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தக் காலத்து வேதத் தமிழில் அதற்கு வேறு அர்த்தம் என்று சொல்ல வாயைத் திறந்தவள், திறந்தபடியே நின்றுவிட்டாள். பேரையூரில் எவன் வேதத் தமிழ் பேசுகிறான்? இத்தனை வருஷம் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே குடியிருந்ததில் பிறந்த ஊர்ப் பேச்சு மறந்துபோயிருக்கிறது. வருத்தம் என்று நினைத்து அவள் அனுப்பியதை அண்ணன் பகை என்று வாங்கி வைத்திருக்கிறான். மிச்சப் பாடத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். திருமங்கலம் தாண்டும்வரை தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

முத்திருளன் வாசலில் பருத்தி மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். வா என்று சொல்லவில்லை. மூட்டையைப் பார்த்து, "வழி தெரிஞ்சு வந்துட்டாகளா?" என்றான்.

"அண்ணே, நான் மதினிட்டச் சொல்லிவிட்டது..."

"அதான் வந்து சேந்துச்சே. மனஸ்தாபம்னு சொல்லிவிட்ட வீட்டு வாசப்படிய நான் எதுக்கு மிதிக்கணும்?"

"எங்க வேதத்துல அதுக்கு அர்த்தம் வேறண்ணே. எபிரெயுல நாஹம்னு ஒரு சொல்லு இருக்கு..."

"எந்த ஊரு நாகம்? படம் எடுக்குமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அர்த்தம் சொல்லவா இத்தனை தூரம் வந்தோம் என்று தோன்றியது.

"தப்புண்ணே" என்றாள். "சும்மா வந்துட்டுப் போன்னு ஒன்னயச் சொல்லிருக்கக் கூடாது. அவுக வீட்டு ஆளுக ஏதாச்சும் சொல்லுவாகன்னு பயந்து எங்கண்ணன மட்டந்தட்டிட்டேன். அதுக்கு வருத்தப்படுறேன்னுதான் சொல்லிவிட்டேன். நீ வரலைன்னா எம் பிள்ளைய நான் எப்படிண்ணே மணவறைக்கு அனுப்புவேன்?"

முத்திருளன் போட்ட முடிச்சை அவிழ்த்தான். அவிழ்த்ததையே மறுபடி முடிந்தான். பிறகு கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, நெஞ்சு ஏறி இறங்க நீளமாக மூச்சு விட்டான்.

"இம்புட்டுத்தானா? இத இப்படி வெள்ளையாச் சொல்லத் தெரியாதா ஒனக்கு? அம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு?"

வருந்தியவள் இவள், ஆறியவன் அவன். அவன் முகம் ஆறியதைப் பார்க்கப் பார்க்க இவளுக்கும் ஆறியது. ஒரே சொல்லில் இந்த இரண்டும் எப்படிக் குடியிருக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு மாணவன் கேட்பான். பதில் சொல்ல இவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

"மேளத்தோடயே வாண்ணே. யாரும் ஏதாச்சும் சொன்னா நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான், முத்திருளன் முகம் மறுபடி சுருங்கியது. "மேளக்காரன வேணாம்னு ஒம் மதினியச் சொல்லச் சொல்லிட்டேனே தங்கம். முகூர்த்த மாசத்துல இனி எவன் கெடைப்பான்?"

செம்பில் தண்ணீரோடு வந்த ஒச்சாயி நாத்தனாரிடம் அதை நீட்டினாள்.

"நான் சொன்னாத்தான?" என்றாள்.

"என்னது? சொல்லலையா?" என்றான் முத்திருளன்.

"ஒங்க தங்கச்சி சொன்னத ஒரு எழுத்துப் பிசகாம ஒங்ககிட்ட வந்து சொன்னேன். அதுல பட்டது போதாதா? அதான் நீங்க சொல்லச் சொன்னத நான் யார்ட்டயும் சொல்லல."