கிண்ணத்தின் அடிப்பக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

நான் வேலை பார்த்த ஆலையை மூடிய பிறகு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, மரம் கடைகிற கடைசல் எந்திரம் ஒன்றை வாங்கி வைத்தேன். அதில் எனக்கு வந்த முதல் பெரிய வேலை நாற்பது கிண்ணங்கள். சவரத்துக்குச் சோப்பை வைத்துக் குழைக்கிற மரக்கிண்ணங்கள். மூன்று முடிதிருத்தும் கடைகள் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தார். "நல்லா இருந்தா மத்த கடைக்காரங்ககிட்டயும் சொல்றேன்" என்றார். நல்லா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் மனைவி சொன்னாள். எந்திரத்தை விற்றுவிட்டு யாரிடமாவது போய் வேலை கேட்டு நிற்க வேண்டும்.

மரத்துக்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது. அதனால் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் உள்ளேயும் வெளியேயும் ஐந்து முறை வார்னிஷ் அடித்தேன். ஒருமுறை அடித்தால் ஒரு நாள் காய வேண்டும், பிறகு உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும், பிறகுதான் அடுத்தது. கடைசியில் நாற்பதிலும் தண்ணீர் நிரப்பி ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. மேசை கீறாமல் இருக்க அடியில் வட்டமாகக் கம்பளித் துணி வெட்டி ஒட்டி, அலமாரியில் அடுக்கினேன். பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை தாங்கவில்லை.

கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய அன்று காலை, பெட்டியில் போட எடுத்தால் முப்பத்தொன்பதுதான் இருந்தது.

யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. மனைவியின் தம்பி, என் மச்சான், எட்டு மாதமாக எங்களோடுதான் இருக்கிறான். குடித்த தம்ளர் குடித்த இடத்திலேயே இருக்கும். ஈரத் துண்டு கட்டிலில் கிடக்கும். எதைச் சொன்னாலும் "அப்புறம் பண்றேன் அத்தான்" என்பான். குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். முகம் கழுவும் தொட்டியின் ஓரத்தில், தேங்கிய தண்ணீருக்கு நடுவே உட்கார்ந்திருந்தது என் கிண்ணம். உள்ளே பாதி கரைந்த சோப்பு, அதன்மேல் அவன் தாடி மயிர்.

"எத்தனை நாளா இது இங்க இருக்கு?"

"பத்து நாள் இருக்கும் அத்தான். அழகா இருந்துச்சேன்னு எடுத்தேன். உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். தண்டச்சோறு என்பதும் அதில் ஒன்று. அவன் உள்ளே போய்ப் பையில் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தான். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கழுவியாவது பெட்டியில் போடலாம் என்று கிண்ணத்தைத் தூக்கினேன். அடியிலிருந்த துணி ஊறிப்போய்க் கையோடு வந்துவிட்டது. துணி இருந்த இடத்தில் மரம் கறுத்திருந்தது. நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு வெடிப்பு, நகம் நுழைகிற அளவுக்கு.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வார்னிஷ் மேல் பசை பிடிக்காது என்று, துணி ஒட்டுகிற இடத்தை மட்டும் வெறும் மரமாக விட்டவன் நான்தான். தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பார்த்தேனே தவிர, அது கீழிருந்தும் ஏறும் என்று எனக்குத் தோன்றவில்லை. போதாக்குறைக்கு அந்தத் துணி ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மரத்துக்கு ஊட்டியிருக்கிறது. முடிதிருத்தும் கடையில் மேசை என்றைக்குக் காய்ந்திருக்கிறது?

உடனே கடைக்காரருக்குப் போன் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்புறம்தான் போனை எடுத்தேன்.

"சார், ஒரு தப்பு பண்ணிட்டேன். அடிப்பக்கம் பூச்சு விட்டுப்போச்சு. ஈரத்துல வச்சா பிளந்துடுது. எனக்கு இன்னும் பத்து நாள் வேணும்."

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"என் மச்சான் ஒண்ணை எடுத்துட்டுப்போய் பத்து நாளா தண்ணியில போட்டு வச்சிருந்தான்."

"எங்க பசங்களும் அப்படித்தான் வைப்பாங்க" என்று சிரித்தார். "போன தடவை ஒருத்தர் செஞ்சு குடுத்தாரு. எல்லாம் விரிஞ்சுபோச்சு. கேட்டா நீங்க வச்சுக்கத் தெரியாம வச்சிருக்கீங்கன்னு என்னையே திட்டினாரு. நீங்க பத்து நாள் எடுத்துக்குங்க. ஆனா உங்க மச்சான்கிட்ட தாக்குப்பிடிக்கிற கிண்ணமா குடுங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மச்சான் பையோடு வாசல்வரை போயிருந்தான். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. பையைப் பிடித்துக்கொண்டு, "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உன்னாலதான்டா தப்பிச்சேன்" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வெடித்த கிண்ணத்தைக் காட்டி விளக்கினேன். விரலால் வெடிப்பைத் தடவிப் பார்த்தான்.

"இனிமே கழுவி, துடைச்சு, எடுத்த இடத்துல வச்சிடறேன் அத்தான். என்னை மாத்திக்கிறேன்."

"அடியில பூசிக் காஞ்சதும் முதல் கிண்ணம் உனக்குத்தான். நீ ஒண்ணும் மாத்திக்க வேணாம். இப்ப இருக்கிற மாதிரியே இரு."

அவன் பையைக் கீழே வைத்தான்.

"இப்படி ஒரு வார்த்தை யாரும் என்கிட்ட சொன்னதில்ல அத்தான்" என்றான்.