நான்கு கழி, ஒரு மேற்கட்டி

1

இந்தக் கதை, ஒரு சாய்சதுரத்தின் மேல் எனக்கு வந்த இரக்கத்தில் பிறந்தது. சிரிக்காதீர்கள். நான்கு பக்கமும் சமம். எதிரெதிர்ப் பக்கங்கள் இணை. இத்தனை ஒழுங்கு இருந்தும், யாரோ தோளில் கைவைத்துத் தள்ளியதுபோல் சாய்ந்து நிற்கிறது, பாவம். அதை வைத்து ஒரு கதை எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், பினாங்கில், கடல்காற்று தவழ்ந்து வரும் ஒரு...'

வேண்டாம். காற்று தவழ்ந்தால் வாசகர் தூங்கிவிடுவார். நேராகவே சொல்கிறேன். நாளைக் காலை சுலைஹாவின் மகள் மஹ்பூபாவுக்கு நிக்காஹ். இன்று மத்தியானம் மேற்கட்டி கோணிக்கொண்டு நிற்கிறது.

2

மேற்கட்டி என்பது மாப்பிள்ளை உட்காரும் இடத்துக்கு மேலே, நான்கு கழிகளில் கட்டும் துணி. துணியைப் பெண்ணின் தாய் தைக்க வேண்டும். கழிகளை மாப்பிள்ளையின் தகப்பன் நட வேண்டும்.

(இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று பினாங்குச் சூலியா தெருவில் போய் விசாரிக்காதீர்கள். கதைக்காக நானே உண்டாக்கியது.)

சுலைஹா பக்கத்துக்கு மூன்று கெஜம் வைத்து, சதுரமாகத் தைத்திருந்தாள். சம்பந்தி சீனி முகம்மது தீவின் மறுபக்கத்துப் பாலிக் புலாவிலிருந்து மூங்கில் கொண்டுவந்து, அதே மூன்று கெஜத்துக்குக் கயிறு பிடித்து, முற்றத்தில் நட்டிருந்தார். கட்டிப் பார்த்தால் இரண்டு மூலை எட்டவில்லை. மற்ற இரண்டும் துவண்டு தொங்கின.

"நாலு பக்கமும் நானே கயிறு புடிச்சேன் லா. கழியில குத்தமில்ல, துணிதான் கோணல்" என்றார் சீனி முகம்மது.

அவர் மகள் ஹபீபா பீவி சும்மா இருந்திருக்கலாம். "தைக்கத் தெரியலன்னா பாசார்ல குடுத்துத் தச்சிருக்கலாமே. மகளையும் இந்த அழகுலதான் வளத்திருப்பாங்க போல!"

சுலைஹாவுக்குப் பொறுக்கவில்லை. தன்னைச் சொன்னால் போகட்டும், பிள்ளையை ஏன் இழுக்க வேண்டும்?

3

முதல் வரைவில் சீனி முகம்மதைக் கெட்டவராக எழுதியிருந்தேன். மீசையை முறுக்கினார், அதட்டினார். பிறகு யோசித்தேன். மனிதர் கயிறு பிடித்தது நிஜம். நான்கு பக்கமும் சரிதான். மூலைக்கு மூலை பிடித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதானே? மீசையை அடித்துவிட்டேன்.

சுலைஹா துணியை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போனாள். அளந்தாள், சரியாக இருந்தது. முக்காட்டுத் துணியை மடிப்பதுபோல் மூலைக்கு மூலை மடித்தாள். பிரித்து, மற்ற இரண்டு மூலைகளைச் சேர்த்தும் மடித்தாள். இரண்டு மடிப்பும் ஒரே நீளம், துணியில் கோணல் இல்லை. ஜன்னல் வழியாகக் கழிகளைப் பார்த்தாள். எதிரெதிர் மூலைகளில் ஒரு ஜோடி கிட்டே நின்றது, இன்னொரு ஜோடி விலகி நின்றது.*

தப்பு கழியில்தான். சொன்னால், கல்யாணத்துக்கு முதல் நாள் சம்பந்தியை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்ததாகும். சொல்லாவிட்டால், கோணல்காரி மகள் என்ற பேரோடு மஹ்பூபா அந்த வீட்டுப் படி ஏற வேண்டும்.

* என் சாய்சதுரம் இதுதான். அவளுக்கு அந்தப் பெயர் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

4

ஒரு முடிவு: சுலைஹா கத்தரியை எடுத்து, நல்ல துணியைக் கோணலாக வெட்டி...

எனக்கே மனசு வரவில்லை.

இன்னொரு முடிவு: திடீரென்று பேய்மழை பிடித்து, கழிகள் தாமாகச் சரிந்து... சீச்சீ, இது போங்காட்டம்.

நான் இப்படித் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே, அவள் கயிற்றோடு முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

"சம்பந்தி, இந்த முனையக் கொஞ்சம் புடிங்க. அந்த எதிர் மூலைக்குப் போங்க."

கிட்டே நின்ற ஜோடிக்கு நடுவே கயிற்றை இழுத்துப் பிடித்து, தன் பக்கம் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"இப்ப மத்த ரெண்டு கழிக்கும் புடிப்போம்."

அவள் முடிச்சை ஒரு கழியோடு அழுத்திக்கொண்டாள். அவர் முனையோடு எதிர் மூலைக்கு நடந்தார். கயிறு தீர்ந்துவிட்டது. கழி இன்னும் ஒரு முழம் தள்ளி நின்றது.

சீனி முகம்மது கையிலிருந்த முனையைப் பார்த்தார், கழியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. மற்றவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

"என்ன வாப்பா, என்ன ஆச்சு?" என்றாள் ஹபீபா பீவி.

சுலைஹா முடிச்சைக் கழியோடு அழுத்தியபடியே நின்றாள். சொல்ல வேண்டியதை அவரிடமே விட்டுவிட்டாள்.

நான் உங்களிடம் விடுகிறேன். "என் கழிதாம்மா கோணல்" என்பாரா? "ஒண்ணுமில்ல" என்று கயிற்றைச் சுருட்டிவிடுவாரா? எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அடுக்களை வாசலில் மஹ்பூபா நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளை அவள் போகப்போவது அவர் வீட்டுக்கு.