கேப்டன் சொல்வதைக் கேட்காதீர்கள்

என் கணவர் லைல் தன் நாயின் மேலேயே வண்டியை ஏற்றிவிட்டு, இறங்கிக்கூடப் பார்க்காமல் வேலிக்கம்பி வாங்கப் போனாரே, அன்றைக்குத்தான் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பதினோரு வருடம் அவர் காலையே சுற்றிவந்த நாய். நான் ஓடிப்போய் மண்ணில் உட்கார்ந்து அதை மடியில் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்தவர் செத்துவிட்டதா என்று கேட்டார். பதிலுக்குக்கூட நிற்காமல் சீட்டியடித்துக்கொண்டே கொட்டகைக்குள் போய்விட்டார்.

ஊரில் யாருக்கும் இது நோயாகப் படவில்லை. வாயைத் திறக்காத மனிதர் இப்போது பாரில் எல்லோரையும் சிரிக்க வைக்கிறார், ஒருவழியாக லைலுக்கும் மனுஷ வாசனை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். எங்கள் ஊர் டாக்டர் அவரிடம் தேதி கேட்டார், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். லைல் ஒரு தப்பும் இல்லாமல் இரண்டு வரை வந்தார். டாக்டர் என் பக்கம் திரும்பி, எனக்குத்தான் தூக்கம் போதவில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அடிலெய்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாதான் என்னை நம்பினார். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளை சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார். ஞாபகம் இருக்கும், கணக்கு இருக்கும், வழி மறக்காது. ஆனால், வேண்டாம், இதில் யாருக்காவது அடிபடும் என்று உள்ளேயிருந்து தடுக்கிற இடம் போய்விட்டது. மருந்து கிடையாது. "அவர் கெட்டவராயிடலம்மா, பிரேக் போயிடுச்சு, அவ்வளவுதான்," என்றார். எல்லாவற்றையும் ஒரு கடிதமாக எழுதியும் கொடுத்தார்.

பிரேக் போன அந்த மனிதர்தான் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படைக்குப் பத்தொன்பது வருடமாகக் கேப்டன். சம்பளம் இல்லாத படை, எல்லோரும் கோதுமை விவசாயிகள். எங்கள் ஒரே மகள் டெஸ் முதல் வண்டியின் டிரைவர். நான் நிலையத்தில் ரேடியோ முன்னால் உட்காருகிறவள். நெருப்பின் முன்னால் கேப்டன் சொன்னால் சொன்னதுதான், எதிர்க்கேள்வி கிடையாது. டெஸ் முதல்முறை தலைக்கவசம் மாட்டிய அன்று அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

கோடைக்கு முன்னால் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டுக் கேப்டனைத் தேர்ந்தெடுப்பார்கள். கடிதத்தை எழுந்து படித்துவிடுவது என்றுதான் பையில் எடுத்துப் போனேன். லைல் இஸ்திரி போட்ட சீருடையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஊர் முன்னால் என் புருஷனை நானே எப்படி அவிழ்த்துக் காட்டுவது? எல்லோரும் லைலுக்குக் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அந்தக் கையை வெட்டிப்போட்டாலும் தகும்.

அதற்குப் பிறகு துணைக் கேப்டன் கெவ்வைத் தனியாகப் பார்த்துக் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு வேலிக்கதவும் லைலுக்கு அத்துப்படி, அறுவடை முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று திருப்பிக் கொடுத்தார். டெஸ் கடிதத்தைத் தொடக்கூட இல்லை. அப்பாவைப் பைத்தியம் என்று முத்திரை குத்தப் பார்க்கிறேன் என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எங்கள் பக்கம் கோடை உச்சத்தில் இருக்கிற ஜனவரியில் அந்த நாள் வந்தது. நாற்பத்துநாலு டிகிரி வெயில், மண்ணை வாரியடிக்கிற வடகாற்று. அறுவடை இயந்திரத்திலிருந்து பொறி பறந்து கோதுமை பற்றிக்கொண்டது. இரண்டு வண்டிகளில் ஏழு பேர் போனார்கள். முதல் வண்டியில் லைலும் டெஸ்ஸும், பின்னால் இரண்டாவதில் கெவ். இரண்டே முக்காலுக்கு வானிலைச் செய்தி வந்தது: கால் மணி நேரத்தில் காற்று தென்மேற்காகத் திரும்பும். திரும்பினால் நெருப்பின் நீண்ட பக்கவாட்டு முழுவதும் முன்னால் பாய்கிற முகமாகிவிடும். அப்போது எரிந்து முடிந்த நிலத்தில் நிற்கிறவர்கள் மட்டும்தான் பிழைப்பார்கள். உடனே ரேடியோவில் சொன்னேன்.

பள்ளத்து வழியாக இறங்கி நெருப்பை முன்னால் போய் மடக்கப்போவதாக லைல் பதில் சொன்னார். அந்தப் பள்ளம் முழுக்கக் காய்ந்த புதர். அடியில் வண்டியைத் திருப்ப இடமே கிடையாது. அங்கே மட்டும் இறங்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பத்தொன்பது வருடம் சொன்னவர் அவர்.

"லைல், காத்து திரும்பப் போகுது," என்றேன்.

"திரும்பட்டுமே," என்று சிரித்தார். "எவ்வளவு வேகமா வருதுன்னு பாத்துடலாம்."

இறங்காதே என்று டெஸ்ஸிடம் நேராகச் சொன்னேன். "அம்மா, கேப்டன் சொல்லிட்டார்," என்றாள். நான் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

நெருப்பு நாளில் அந்த ரேடியோவை ஊரே கேட்கும். ஒவ்வொரு சமையலறையிலும், ஒவ்வொரு டிராக்டரிலும். பொத்தானை அழுத்தினேன்.

"எல்லாரும் கேளுங்க. லைலுக்கு மூளையில வியாதி. பயம்ங்கறதே அவருக்கு இப்ப கிடையாது. நீங்க அத்தன பேரும் செத்தாலும் அவருக்கு உறைக்காது. டாக்டர் கடிதம் எங்கிட்ட இருக்கு, கூட்டத்துல படிக்க வெக்கப்பட்டு ஒளிச்சு வெச்சுட்டேன். இனிமே கேப்டன் சொல்றத யாரும் கேக்காதீங்க. டெஸ், வண்டியத் திருப்புடி."

ரேடியோவில் வெறும் இரைச்சல். மகள் இறங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். மேசையில் தலையை மோதிக்கொண்டேன்.

பிறகு கெவ்வின் குரல் வந்தது. "டெஸ், உங்கம்மா சொல்றது நெசம். நானும் அந்தக் கடிதத்தப் படிச்சேன், வாய மூடிட்டு இருந்துட்டேன். திரும்பும்மா."

டெஸ்ஸின் ரேடியோ திறந்தபோது, வண்டி பின்னோக்கி வரும்போது அடிக்கிற மணி மட்டும் கேட்டது.

பத்து நிமிடத்தில் காற்று திரும்பியது. பள்ளம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எரிந்ததை, ஏழு பேரும் கரிந்த வயலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததாகக் கெவ் சொன்னார். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

அடுத்து லைல் ரேடியோவில் என்னைக் கூப்பிட்டார். நான் உடம்பை இறுக்கிக்கொண்டேன். ஒரு தடவை சீட்டாட்டத்தில் நாலு பேர் முன்னால் அவர் தப்பைச் சொல்லிவிட்டேன் என்று மூன்று மாதம் என்னோடு பேசாத மனிதர். அவருடைய மூளையை இன்றைக்கு நான் ஊர்ச் சந்தையில் கடை பரப்பியிருக்கிறேன். திட்டட்டும், பாவி என்று சொல்லட்டும், இந்த வீட்டுப் படி ஏறாதே என்று கத்தட்டும். திட்டிவிட வேண்டுமே என்று கடவுளை வேண்டிக்கொண்டேன்.

"ரோ," என்றார், அதே குஷியான குரலில். "ராத்திரிக்கு என்ன சமையல்?"

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆட்டுக்கறி," என்றேன்.

"பட்டாணி இருக்கா?"

இருக்கிறது என்றேன். இந்த மனிதர் இனி என் மேல் கோபப்படவே போவதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு அழுதேன்.